மதிலில் இரண்டு வட்டங்கள்

2024 ஜூன் 16, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். திருப்பரங்குன்றத்தின் மேல் மேகம் கவிந்திருக்கிறது, மழைக்கு அறிகுறி இல்லை. தெருமுனையிலுள்ள தன் வீட்டு மதிலில், கேட்காமலே கொத்தனார் நேற்று சாக்பீஸால் வரைந்துபோன இரண்டு வட்டங்களை ராதாமணி ஈரத்துணியால் துடைக்கிறாள். தெருவை அடைக்கப்போகும் இரும்புக் கேட்டின் கீல்கள் அங்கேதான் பொருந்த வேண்டும். இனி அவள் சம்மதம் ஒன்றே பாக்கி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகசுப்பிரமணியன் சம்மதக் கடிதத்தை நீட்டியபடி நிற்கிறார். பின்புறக் காலனிப் பெண்கள் மூவர், தூக்குவாளிகள் ஒன்றோடொன்று மோத, அந்தத் தெரு வழியே பஸ்ஸுக்கு விரைகிறார்கள்.

"கண்டவங்களும் குறுக்க போறாங்கக்கா. கேட்டு போட்டா எம்புட்டு பாதுகாப்பு!"

"ஒங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற சோலையும் இந்த வழியாத்தான வாரா? இனிமே பறந்து வருவாளா?"

"அவளுக்கு மட்டும் தொறந்துவிடுவோம்."

"தொறந்துவிட நாம யாரு தம்பி? நாம வீடு கட்டுறதுக்கு முன்னாடியே காலனிக்காரவுக நடந்த பாதை இது."

செயலாளர் பேனாவை நீட்டுகிறார். ராதாமணி வட்டங்கள் அழிந்த இடத்திலேயே கடிதத்தை வைத்து, 'சம்மதமில்லை' என்று நிறுத்தி எழுதிக் கையொப்பமிடுகிறாள். சிமெண்டின் சொரசொரப்பில் பேனாமுனை தாளைத் துளைக்கிறது, கை நிற்கவில்லை. ஈரம் ஊறிய தாளை மடிக்காமல், எழுத்து மேலே தெரியும்படி, அவர் கையில் கொடுக்கிறாள்.