மிகத் திருப்தி

முகத்தை மூடியிருந்த பச்சைத் துணிக்கு அடியில், மூக்கோரத்தில் யாரோ வெட்டிக்கொண்டிருந்தது பஸ்ரியனுக்கு நோகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். காதுதான் நொந்தது.

பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

கத்தி படுவதற்கு முன் தொடங்கியவர், இன்னும் முடிக்கவில்லை. "நோயாளியின் எதிர்பார்ப்பு" என்று இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டார். நோயாளியோடுதான் ஒரு சொல்லும் பேசவில்லை.

கொழும்பிலிருந்து வந்த சத்திரசிகிச்சை பஸ் வங்காலையில் கோயில் வளவில் நின்றது. பேராசிரியர் தன் கையாலேயே வெட்டுவார் என்று பூசை முடிவில் அறிவித்திருந்தார்கள். வாசலில் மேளம், மாலை, அவருடைய ஆளுயரப் படம்.

பஸ்ரியன் பிறவியிலேயே தோல் வெளுத்தவர். ஊர் வைத்த பட்டம் துரை. அறுபது வயதுவரை கடலில் வெய்யில் குடித்த துரை.

இரண்டு வருடத்துக்கு முன்னும் இதே பஸ், இதே மேளம், இதே மூக்கு. தோல் புற்றுநோய்தான், வெட்டியாச்சு, போங்கோ என்றார்கள். புண் மறுபடி வளர்ந்த பிறகுதான் யாரோ பைலைத் திறந்து பார்த்தார்கள். வேர் மிச்சமிருக்கிறது என்று சோதனை அறிக்கை மூன்றாம் வாரமே சொல்லியிருந்தது. துரைக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

இம்முறை அவருக்கு வேண்டியது ஒன்றுதான். முழுவதும் எடுபட்டதா? அதை யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"சேர், முழுக்க எடுத்தாச்சோ?" என்றார் துணிக்கு அடியிலிருந்து.

"பார்த்தீர்களா, கவலைப்படுகிறார்!" பேராசிரியரின் குரல் மாணவர்களிடம் குதூகலித்தது. "எல்லாருக்கும் தழும்பைப் பற்றித்தான் கவலை. எங்களுடைய ஆய்வில் நூற்றுக்கு நூறு பேர்..."

குரல் கால்மாட்டிலிருந்து வந்தது. கத்தி மூக்கில் இருந்தது.

அங்கே நின்றபடி இங்கே வெட்ட ஒரு மனிதனுக்குக் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று பஸ்ரியன் யோசித்தார்.

கடைசித் தையல் முடிந்து துணி விலகியது. தலைமாட்டில், இரத்தம் பட்ட கையுறையோடு ஒரு சின்னப் பெண் நின்றாள். டொக்டர் றம்லா என்று சட்டையில் எழுதியிருந்தது. பேராசிரியரின் கையில் இருந்தது ஒலிவாங்கி. உடுப்பில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

"தழும்பே தெரியாது, ஐயா! மாப்பிள்ளை மாதிரி இருப்பீங்கள்!"

"எண்ட மூஞ்சைய ஆர் சேர் பாக்கப்போறது, சுறாவோ? நான் கேட்டது வேற."

 

பேராசிரியர், படமெடுக்க வந்தவனின் கமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

றம்லா குனிந்தாள். "எனக்கு இப்ப தெரியாது, ஐயா. கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்திட்டன். மிச்சம் சோதனையிலதான் தெரியும். மூண்டு கிழமை செல்லும்."

இரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பதில்.

"அதை ஆர் பிள்ளை எனக்குச் சொல்லுறது? பஸ் பின்னேரம் போயிடுமே."

அவள் பேராசிரியரின் முதுகைப் பார்த்தாள். மேசையில் அடுக்கியிருந்த தாள்களைப் புரட்டி, ஒன்றை உருவி, பின்பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணை எழுதி நீட்டினாள்.

"நான் கோல் எடுத்துச் சொல்லுவன். மறந்தனெண்டா நீங்கள் எடுத்து ஏசுங்கோ."

வெளியே மேளகாரர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். வெய்யிலில் கண் கூச, பஸ்ரியன் தாளைத் திருப்பினார்.

நோயாளி திருப்திப் படிவம். மேலே அவருடைய பெயர். பத்துக் கேள்விகள். பத்துக்கும் நேரே, "மிகத் திருப்தி" என்ற கட்டத்தில் வடிவான சரியடையாளம். அதிகம் எதிர்பார்த்தது, தழும்பின் அழகு.

திகதி நேற்றையது.

எண் இருந்த பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.