ஒன்பதாவது பட்டறை

வந்தவன் பையை இறக்கி வைத்துவிட்டு முதலில் செய்த காரியம், மெஷினை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது.

முலாம்பழம் வாங்க வந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார் தச்சர்.

கையைக் கட்டிக்கொண்டு பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றார். உதவவும் மாட்டேன், நகரவும் மாட்டேன் என்கிற நிற்பு.

பலகை இழைக்கும் மெஷின் அது. போனில் படம் பார்த்து வாங்கியது. படத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே பலகையை ஒரு பக்கம் நுழைக்க, மறுபக்கம் அது கண்ணாடி மாதிரி வந்தது. வீட்டுக்கு வந்து இறங்கியதோ, நுழைத்த பலகையை நாய் கடித்த செருப்பு மாதிரிக் கக்கியது.

முப்பத்தொரு முறை போன் பேசிய பிறகு கம்பெனிக்காரர்கள் பெரிய மனது பண்ணி அனுப்பி வைத்த மேதை இவன்.

பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும். பதினொன்றுதான் முடிந்திருந்தது. அந்தப் பதினொன்றும் கையால் இழைத்தவை. தோள்பட்டை கழன்று விழாத குறை.

"எந்தப் பக்கம் கடிக்குதுண்ணே?"

"நீதானே வைத்தியம் பாக்க வந்தவன். நீ சொல்லு."

அவன் முகம் மாறவில்லை. அதுவே தச்சருக்கு எரிச்சலாக இருந்தது. பேசாமல் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆளைத் திட்டுவதில் என்ன ருசி?

மூடியைக் கழற்றும்போது ஒரு ஸ்குரூ உருண்டு மரச்சீவலுக்குள் போய்விட்டது. அவன் மண்டியிட்டுத் தேடினான். தச்சரின் காலடியிலேயே அது மின்னிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லவில்லை.

மூலையில் பெஞ்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மனைவி, பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து வந்து, அதைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள். திரும்பிப் போகும்போது புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மெஷின் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னவள் அவள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் வாயே திறக்காததுதான் இவருக்குப் பெரிய தண்டனை.

அவன் பிளேடைக் கழற்றினான், மாட்டினான். பெல்ட்டை இறுக்கினான், தளர்த்தினான். ஒரு பலகையை உள்ளே விட்டான்.

முனை சிதைந்து வந்தது.

அதை வாங்கி, சிதைந்த இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினான்.

"தடவிக் குடுத்தா ஆறிடுமா?" என்றார் தச்சர்.

மறுபடி கழற்றினான். மறுபடி மாட்டினான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது சரியாகாதுண்ணே. உள்ள சுத்துற உருளையே கோணல்."

"இதக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா? எந்தக் காலேஜ்ல படிச்சே நீ?"

அவன் ஸ்பானரைப் பையில் போட்டான்.

"நான் மெக்கானிக் இல்லண்ணே. நானும் தச்சன்தான். எங்கிட்டயும் இதே மெஷின்தான் இருக்கு, நாலு மாசமா. உங்கள மாதிரியே போன் போட்டுக் கத்தினேன். விவரம் தெரிஞ்ச ஆளாப் பேசுறீங்களே, பத்துப் பட்டறைக்குப் போய்ப் பாத்துக் குடுங்க, உங்களுக்கு வேற மெஷின் தர்றோம்னாங்க. நீங்க ஒன்பதாவது."

தச்சரின் வாயில் அழகான வசவுகள் வரிசையில் வந்து நின்றன. யாரை நோக்கி அவிழ்த்துவிடுவது என்றுதான் தெரியவில்லை.

"மத்த எட்டு?"

"எட்டும் கோணல்தான்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். பழுது நீக்கப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே எட்டுக் கையெழுத்துகள். எட்டும் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போடப்பட்டிருந்தன.

"போடலேன்னாலும் பரவால்லண்ணே. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

தச்சர் காகிதத்தைப் பிடுங்கினார். மெஷின் மேலேயே வைத்து, காறித் துப்புகிற மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, அவங்க குடுக்கப்போற மெஷினும் கோணலா இருந்தா?"

"அதையும் யோசிச்சேண்ணே," என்று அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி இந்தப் பக்கம் பார்க்கிறாளா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அவள் பெஞ்சுக் காலுக்குப் பாலிஷ் தடவிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"இந்த வேலைக்கு யாருகிட்டப்பா பேசணும்?"