தலைவரின் ஓட்டு

காலமான என் கணவர் அரசுக் கல்லூரியின் கட்டணக் குழுத் தலைவராக இருந்தார். ஒரு வருஷம் கட்டணத்தை இரண்டு மடங்காக்கும்படி மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். ஏற்றினால் பாதிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்கள். எதிர்த்தால் இவர் வேலை போய்விடும்.

குழுவில் மூன்று பேர் ஏற்றலாம் என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். தலைவர் ஓட்டுதான் பாக்கி.

"கையைத் தூக்குங்க சார், டீ ஆறுது" என்றார் பொருளாளர்.

"தூக்க முடியாதுப்பா. சொந்தக்காரங்க இங்க படிச்சா ஓட்டுப் போடக் கூடாதுன்னு விதி இருக்கே."

"உங்களுக்குப் பிள்ளையே கிடையாதே! யாரு, மச்சான் பையனா?"

"முதலாம் ஆண்டு, வரலாறு. நேத்துதான் அட்மிஷன் ஆச்சு."

ஓட்டு சமமாக நின்றதால் தீர்மானம் தோற்றது. இவர் மேல் யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்பத்தாறு வயசுல என்னைப் படி படின்னு நச்சரிச்சு ஃபாரத்துல கையெழுத்து வாங்கினது இதுக்குத்தானா?"

"இதுக்கும்தான்" என்று சிரித்தார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. லேட்டாப் போய் என் மானத்தை வாங்காதே."