பன்னிரண்டு ஜோடித் திரி

"திரி வேகமா எரிஞ்சா பத்த வைக்கிறவன் கை போயிரும்மா," என்றார் முதலாளி வெள்ளைத்துரை. கண் மட்டும் வாசலில் பாதி ஏற்றி நின்ற லாரியை விட்டு நகரவில்லை.

பொன்னுத்தங்கம் தலையாட்டினாள். மதுரையில் புள்ளியியல் படித்து முடித்த கையோடு இந்த வெடிக் கம்பெனிக்கு வந்தவள். திரிக்குப் புது மருந்து மாற்றியிருந்தார்கள். அது பழையதைவிட வேகமாக எரிகிறதா என்று அவள் எழுதித் தந்தால்தான் லோடு போகும்.

எந்தச் சோதனையைப் போடுவது என்பதிலேயே இரண்டு நாள் ஓடியது. பழையது ஒரு குவியல், புதியது ஒரு குவியல் என்று ஒப்பிட்டால் தப்பு. திரி சுற்றும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி இறுக்கிச் சுற்றுவாள், ஒருத்தி தளர்த்துவாள். அந்த வித்தியாசத்தில் மருந்தின் வித்தியாசம் மறைந்துவிடும். ஒரே கை செய்த இரண்டையும் ஜோடியாக வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

மேஸ்திரி சண்முகத்தாயிடம் போனாள். "பன்னெண்டு பேருகிட்டயும் பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு வேணும்க்கா."

"ஆரு பத்த வைக்கப் போறா? நீங்களா?"

"ஆமாக்கா."

சண்முகத்தாய் அந்த மெல்லிய விரல்களைப் பார்த்தாள். "பேனா பிடிக்கிற கையில்லையா இது!" கொஞ்ச நேரத்தில் திரிகளை முந்தானையில் ஏந்தி வந்தாள். "பயப்படாமப் பத்த வைங்க தாயி."

இருபத்து நான்கு திரிகளும் எரிந்து முடிந்தன. கணக்கைப் போடும்போது முதலாளி வந்து நின்றார். லோடை அனுப்பச் சொல்லி நெருக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"வேகம்னு வந்தா வேகம்னே எழுதும்மா. அம்புட்டையும் தண்ணியில முக்கிருவோம். போன தீபாவளிக்கு ஒருத்தனுக்கு விரல் போனது போதும்."

வித்தியாசம் இல்லை என்றே வந்தது. கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் மத்தியானம் விருதுநகரிலிருந்து போன் வந்தது. அவர்கள் லோடை ஏற்றிய சரக்கு ரயில் வடக்கே கிளம்பிவிட்டது.

கூச்சத்தை விட்டு, சண்முகத்தாயிடம் போய்ச் சொன்னாள். "ரொம்ப நன்றிக்கா. ஒரு திரிகூட விரலைச் சுடல."

"எப்படித் தாயி சுடும்? புதுசுல பாதி குப்புன்னு சீறும், எனக்குப் பாத்தாலே தெரியும்." அவள் பெருமையாகச் சிரித்தாள். "அதையெல்லாம் வெடியில வைக்க ஒதுக்கிட்டு, மெதுவா எரியறதாப் பாத்துத்தானே ஒங்க கையில குடுத்தேன்!"