அரைச் சில்லு

“அண்டைக்கு வெண்டது நான், மச்சான். நடுவருக்குக் கண்ணுல வெயில்” என்றார் ஸாலிஹ்.

“வெயில் உன்ர கண்ணிலதான். பேசாமச் சாப்பிடு” என்றார் ஒஸ்வால்ட்.

இந்தச் சண்டைக்கு இருபத்தைந்து வயது. 1957இல், கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. கடைசிக் கோட்டுக்கு இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி வந்தார்கள். பாதிச் சக்கரம், அரைச் சில்லு, முந்தியது ஒஸ்வால்ட்தான் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிண்ணம் கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் வீட்டுக்குப் போனது.

அன்று தொடங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒஸ்வால்ட் பஸ் ஏறி, வெள்ளவத்தையில் இருக்கும் ஸாலிஹ் வீட்டுக்கு வந்துவிடுவார். மூக்குமுட்டச் சாப்பிடுவார். பிறகு இருவரும் அந்தக் கடைசி வளைவிலிருந்து பந்தயத்தை மறுபடி ஓட்டுவார்கள். ஸாலிஹின் மனைவி நளீபா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், பந்தயம் சூடுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸாலிஹ் கண்ணியம் காத்தார். ஒஸ்வால்டின் மனைவி பேர்ணடெற்றின் காதுபட இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மோட்டார் சைக்கிளில் திரிகிறவனுக்குப் பெண் இல்லை என்று ஒற்றைக்காலில் நின்ற பேர்ணடெற்றின் அப்பா, பத்திரிகையில் வென்றவர் என்று ஒஸ்வால்டின் பெயரைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார் என்பது ஊரறிந்த கதை.

அந்த ஞாயிறுச் சண்டைக்குப் பிறகு வந்த வாரத்தில்தான் றேமண்ட் என்ற இளைஞன் ஒஸ்வால்டைக் கொள்ளுப்பிட்டிக்குக் கூப்பிட்டான். கட்டுக்குருந்தைப் பந்தயத் திடலின் சரித்திரத்தை அவன் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தான். பழைய வீரர் ஒருவரை நேரில் கண்ட சந்தோஷத்தில், தேடிச் சேர்த்த படங்களை எல்லாம் மேசையில் பரப்பினான். வைக்கோல் கட்டுகள், தகரப் பீப்பாய்கள், ஒரு காலைத் தரையில் இழுத்தபடி வளைவு எடுக்கும் பொடியன்கள். ஒஸ்வால்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசியாக ஒரு படத்தைத் தயங்கித் தயங்கி எடுத்து வைத்தான்.

கடைசிக் கோடு. கட்டம் போட்ட கொடி பாதி இறங்கியிருந்தது. கோட்டின் மேல் ஒரு முன் சில்லு. அது ஸாலிஹினுடையது. ஒஸ்வால்டின் சில்லு அரைச் சில்லு பின்னால் நின்றது.

“போடுறதோ, விடுறதோ எண்டு நீங்களே சொல்லுங்கோ, அங்கிள். வேற ஒருத்தருக்கும் நான் காட்டேல்ல” என்றான் றேமண்ட்.

ஒஸ்வால்ட் படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கிழித்து எறிந்தால் என்ன என்றும் ஒரு நேரம் நினைத்தார். மூன்றாம் நாள் பேர்ணடெற்றிடம் படத்தை நீட்டி, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பேர்ணடெற் மூக்குக் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“அப்பா என்னைத் தந்தது தந்ததுதான். இனித் திருப்பிக் கேக்க அவரும் இல்ல. கிண்ணத்தை மட்டும் கொண்டுபோய் உரியவரிட்டக் குடுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்வால்ட் கிண்ணத்தைப் புளி போட்டு மினுக்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தார். கொள்ளுப்பிட்டியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். இருபத்தைந்து வருடம் அடித்த வீம்புக்கு இனி ஸாலிஹ் எத்தனை வருடம் சிரிப்பாரோ? அதையும் தாங்கலாம். ஆனால் வழக்குத் தீர்ந்துபோனால், அடுத்த ஞாயிறு வந்து எதைக் கதைப்பது? அந்த நினைப்புத்தான் அவரைக் கூடுதலாக வாட்டியது. ஆனாலும் வெள்ளவத்தையில் இறங்கினார்.

கிண்ணத்தையும் படத்தையும் மேசையில் வைத்தார்.

“நீதான் வெண்டனி, மச்சான். என்னை மன்னிச்சுக்கொள்.”

ஸாலிஹ் கூரையைப் பிய்க்கப் போகிறார், தெருவையே கூப்பிடப் போகிறார் என்று ஒஸ்வால்ட் காத்திருந்தார். ஸாலிஹோ படத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, கடற்கரை ரயில் போவதைப் பார்த்தார்.

“படம் தெளிவில்ல” என்றார் கடைசியில். “ஒரு பக்கமா நிண்டு எடுத்தீக்கிறான். நடுவர் சொன்னா சொன்னதுதான். கிண்ணத்த எடுத்துக்கொண்டு போ.”

ஒஸ்வால்டுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. சில்லைக் காட்டினார், கோட்டைக் காட்டினார். ஸாலிஹ் வென்றார் என்று ஒஸ்வால்ட் சாதிக்க, இல்லவே இல்லை என்று ஸாலிஹ் மறுக்க, சண்டை தலைகீழாக மூண்டது. கிண்ணம் மேசையில் அங்கும் இங்குமாகத் தள்ளுப்பட்டது.

சத்தம் கேட்டு, தேத்தண்ணித் தட்டோடு வந்த நளீபா மேசையில் கிடந்த படத்தைக் கண்டதும் நின்றார். அவருடைய முகம் மலர்ந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், ஒரு மாதிரி ஒஸ்வால்ட் நானாக்கிட்ட காட்டிட்டீங்க” என்றார் கணவரிடம். “நான் கலியாணம் முடிச்சு வந்த நாள்லருந்து இந்தப் படத்த அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சீக்கிறீங்களே, எப்பதான் காட்டப் போறீங்களோண்டு நானும் பாத்துக்கொண்டுதான் ஈந்தேன்.”