புட்டிங் தீர்ந்துபோச்சு

"புட்டிங் தீர்ந்துபோச்சு சார்."

சர்வர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து மேஜைக்கு ஒரு கேரமல் புட்டிங் ஆடி அசைந்து போனது.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரிபார்க்கிற மனிதர் அவர். அவருடைய சர்க்கரை மட்டும் எந்த அளவுக்கும் அடங்காது.

வெளியூர் வேலை என்றால் மனைவியும் கூடவே கிளம்பிவிடுவாள். நெடுஞ்சாலையோரம் இதே ஓட்டல், இதே ஜன்னலோர மேஜை.

"முதல்ல காய்கறி, அப்புறம் மீன். ரொட்டி கடைசியில, அதுவும் ஒண்ணுதான்" என்று கறாராகச் சொல்லிவிடுவாள்.

முடித்ததும் ஒரு புட்டிங், ரெண்டு ஸ்பூன். அவருக்கு ஒரே ஒரு வாய். மிச்சமெல்லாம் அவளுக்கு.

"உங்க பங்கையும் சேர்த்து நானே கஷ்டப்பட வேண்டியிருக்கு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை புட்டிங்கை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்.

அவள் காலமாகி எட்டு மாதம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். காய்கறி, மீன், ரொட்டி என்று அவள் சொன்ன வரிசை மாறாமல் சாப்பிட்டாயிற்று. அந்தப் புட்டிங்கும் வந்துவிட்டால் அவள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்று ஒரு ஆசை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் பசியோடு வண்டி ஓட்டி வந்தார்.

"ஏம்ப்பா, அவங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? தனியா வந்தவன்னா இளக்காரமா?"

சர்வர் தலையைச் சொறிந்தார். "அப்படியெல்லாம் இல்ல சார்..."

"மேனேஜரைக் கூப்பிடுப்பா!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. சர்வர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோச்சுக்காதீங்க சார். போன தடவை நீங்க கை கழுவப் போனப்ப அம்மாதான் சொன்னாங்க. 'நான் இல்லாம தனியா வந்தா இவர் ஒரு வாயோட நிறுத்த மாட்டார். தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுங்க'ன்னு."

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

சர்வருக்கே பாவமாகிவிட்டது.

"அட, இதுக்குப் போய் கலங்கலாமா சார்? அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஒரு புட்டிங், ரெண்டு ஸ்பூன். நானே கொண்டுவந்து வைக்கிறேன்!"