‘டேக்’ இருந்த பக்கம்

ருவோலான் எழுந்து நிற்கிறாள். காலை வாசிப்பின் கூச்சல் சட்டென்று அடங்குகிறது. மேசைமேல் அடுக்கிய புத்தகங்களுக்குப் பின்னால் ஐம்பத்தாறு தலைகள் தாழ்கின்றன. “‘டேக்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு என்னென்ன பொருள், அகராதியைப் பார்த்து வாசி,” என்கிறார் பாங் டீச்சர். ருவோலானின் கையில் செங்கல் கனத்தில் ஆங்கில–சீன அகராதி. அதன் பின்பாதியில், ‘டேக்’ இருந்த பக்கங்களையும் சேர்த்து, பிளேடால் சதுரமாக வெட்டிய குழி, குழிக்குள் செல்போன். ஷென்ஜென் தொழிற்சாலையில் இருக்கும் அம்மாவின் குரல் அதில்தான் வருகிறது. கரும்பலகைக்குக் கீழே சிவப்பு வாளி நிறையத் தண்ணீர். பிடிபடுகிற போன்கள் அதற்குள் போவதுதான் இந்தப் பள்ளியின் வழக்கம். அகராதியை நெஞ்சோடு சாய்த்து, குழியைப் பார்த்தபடியே அவள் ஒப்பிக்கிறாள். “மருந்து சாப்பிடுறதுக்கு டேக். பஸ்ல போறதுக்கு டேக். போட்டோ எடுக்கவும் அதேதான், பரீட்சை எழுதவும் அதேதான்...” பக்கத்து இருக்கை மென்யீ காலால் இடிக்கிறாள். “மெதுவாடி. வாசிக்கிற மாதிரி சொல்லு.” ஜன்னல் வெயிலில் சுண்ணாம்புத் தூள் மிதக்கிறது. எடுத்துக்காட்டுகளோடு, பதினேழாவது பொருளையும் சொல்லி முடிக்கிறாள். மென்யீ மூச்சு விடுவது கேட்கிறது. டீச்சர் தன் மேசையிலிருக்கும் அதே அகராதியின் இன்னொரு பிரதியிலிருந்து நிமிர்கிறார். “ஒரு தப்புகூட இல்ல. ஆனா இதுல ‘டேக்’ மூணு பக்கம் வருது, ருவோலான். நீ ஒரு தடவகூடத் திருப்பலையே.”